பழைய சிஸ்டத்துக்கு எந்த ரேம் வாங்குவது? இருப்பதோடு இன்னொன்று, புது ஜோடி, செகண்ட் ஹேண்ட், ஆன்லைன் மலிவு: ஓர் ஒப்பீடு

மச்சான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடையில் இரண்டு சிஸ்டம். ஒன்று 2012இல் அசெம்பிள் செய்தது: இன்டெல் எச்61 சிப்செட் மதர்போர்டு, ஐ3-2120 பிராசசர், ஒரே ஒரு 4 ஜிபி டிடிஆர்3 ரேம். தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள் என்றால் கேட்க மாட்டார். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி என்று கடை தொடங்கிய நாளிலிருந்து பேஜ்மேக்கரில் செய்து வைத்த டிசைன் எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன, யூனிகோடுக்கு முந்தைய பழைய ஃபாண்டுகளோடு. வேறு சிஸ்டத்துக்கு மாற்றினால் "அழைப்பிதழ்" என்ற சொல் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்குமோ என்ற பயம்.

ஒரு நாள் போன் செய்தார். "மாப்ள, க்ரோம்ல நாலு டேப் திறந்தா மவுஸே நகர மாட்டேங்குது. ரேம் ஒண்ணு வாங்கிப் போட்டுடவா?" நான் பதில் சொல்வதற்குள் ஆன்லைனில் ஒன்றை வாங்கியும் விட்டார். அதைப் போட்டதும் டிஸ்ப்ளே வரவில்லை. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

இதே கேள்வியோடு நிற்பவர்கள் நிறைய. இருக்கும் ஸ்டிக்கோடு (ரேம் பலகையைத்தான் ஸ்டிக் என்கிறோம்) இன்னொன்று சேர்க்கலாமா, இரண்டையும் புதிதாகப் போடலாமா, செகண்ட் ஹேண்ட் நம்பலாமா, ஆன்லைனில் பாதி விலைக்கு வருவதை வாங்கலாமா, அல்லது அந்தக் காசை எஸ்எஸ்டியில் (ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) போடலாமா. மச்சானின் எச்61 போர்டை வைத்தே சொல்கிறேன், நம் பக்கம் 2011இலிருந்து சில வருடங்கள் அசெம்பிள் ஆன சிஸ்டங்களில் அந்த போர்டுதான் கண்ட இடமெல்லாம். 2013க்குப் பிறகு வந்த எச்81 போர்டுகளுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

விலை எழுதவில்லை. 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்காக மெமரி சிப்புகளை அள்ளிக் கொண்டு போனதில் புது ரேம் விலை எகிறியது, நான் இன்று எழுதும் ரூபாய் அடுத்த வாரம் பொய்யாகிவிடும்.

## வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

32 பிட்டா, 64 பிட்டா. எல்லாரும் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள், நானும் அப்படித்தான் கோட்டை விட்டேன், அதனால் இங்கே முதலில். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. அதிலும் கிராஃபிக்ஸ், மற்ற ஹார்டுவேர் எல்லாம் தம் பங்கை எடுத்துக் கொண்டது போக கையில் கிடைப்பது மூன்றேகால், மூன்றரை ஜிபிதான். நீங்கள் 16 ஜிபி போட்டாலும் அதே கதை. செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் என்று போனால் "சிஸ்டம் டைப்" என்ற வரியில் தெரியும். பைசா செலவில்லாத சோதனை.

தலைமுறை. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின், டிடிஆர்4க்கு 288. நடுவில் இருக்கும் வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும், அதனால் மாற்றி உட்கார வைக்க முடியாது. உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள், அவ்வளவுதான்.

போர்டின் உச்சவரம்பு. எச்61க்குப் பொதுவாக இரண்டு ஸ்லாட், ஸ்லாட்டுக்கு 8 ஜிபி, மொத்தம் 16. பிராண்டட் டெஸ்க்டாப்புகளின் கையேட்டில் சில சமயம் 8 என்று போட்டிருப்பார்கள், அந்த மாடல் வந்தபோது 8 ஜிபி ஸ்டிக் அரிதாக இருந்திருக்கும். எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதை டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்ற இடத்தில் பார்க்கலாம். கேபினட்டைத் திறந்து கண்ணால் பார்ப்பது இன்னும் நல்லது, தூசியும் தட்டினாற்போல ஆகும்.

ஸ்டிக்கில் உள்ள லேபிள். பாதி ஏமாற்றம் இதைப் படிக்காததால்தான். "8ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-12800யு" என்பது போல ஒரு வரி இருக்கும். பிசி3 என்றால் டிடிஆர்3. 12800 என்பது 1600 வேகம் (1600ஐ 8ஆல் பெருக்குங்கள், அதுதான் நொடிக்கு இத்தனை எம்பி என்ற கணக்கு), 10600 என்பது 1333 வேகம். கடைசி எழுத்துதான் முக்கியம்: "யு" சாதாரண டெஸ்க்டாப், "எஸ்" லேப்டாப், "ஆர்" சர்வர். நடுவில் இருக்கும் 2ஆர்எக்ஸ்8, அந்த "எக்ஸ்8" என்ற பகுதியை மனதில் வையுங்கள், மச்சான் மாட்டியது அங்கேதான்.

எத்தனை சிப். எச்61, எச்81 காலத்து இன்டெல் பிராசசர்கள் 4 ஜிகாபிட் சிப் வரைதான் புரிந்து கொள்ளும். 4 ஜிகாபிட் என்பது அரை ஜிபி. ஆகவே 8 ஜிபி ஸ்டிக் என்றால் பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு சிப் இருக்க வேண்டும். ஒரே பக்கம் எட்டு சிப்போடு 8 ஜிபி என்று ஒருவர் நீட்டினால் அது 8 ஜிகாபிட் சிப், உங்கள் போர்டில் எழுந்திருக்காது.

வேகம். இதற்குத்தான் எல்லாரும் அதிகம் கவலைப்படுகிறார்கள், இதற்குத்தான் குறைவாகக் கவலைப்பட வேண்டும். ஐ3-2120 போன்ற இரண்டாம் தலைமுறை பிராசசர் 1333க்கு மேல் ஓட்டாது. 1600 ஸ்டிக்கைப் போட்டால் அது தானாக 1333க்கு இறங்கி வேலை செய்யும். மூன்றாம் தலைமுறையில் 1600 ஓடும். ஆனால் தாமதத்தைக் கணக்குப் போட்டால் (சிஎல் என்பது கேட்ட டேட்டாவைத் தர ஸ்டிக் எடுக்கும் சுற்றுகளின் எண்ணிக்கை) சிஎல்9 உள்ள 1333க்கு 13.5 நானோ விநாடி, சிஎல்11 உள்ள 1600க்கு 13.75. வித்தியாசத்தைப் பேஜ்மேக்கரும் கண்டுகொள்ளாது, நீங்களும் கண்டுகொள்ள மாட்டீர்கள்.

திரும்ப எடுப்பாரா. மேலே சொன்ன அத்தனையும் சரியாக இருந்தும் ஒரு ஸ்டிக் ஒரு போர்டில் மக்கர் பண்ணலாம், பழைய பயாஸ் (போர்டை எழுப்பும் மென்பொருள்) சில ஸ்டிக்குகளோடு ஒத்துப் போவதில்லை. பொருந்துமா என்பது உங்கள் போர்டில் போட்டுப் பார்த்தால்தான் கடைசியாகத் தெரியும். அதனால் என் கணக்கில், விற்பவர் திரும்ப எடுத்துக் கொள்வாரா என்பதற்குத்தான் வேகம், பிராண்டு எல்லாவற்றையும் விட அதிக மார்க்.

## வழி 1: இருக்கும் 4 ஜிபியோடு இன்னொரு 4 ஜிபி

செலவு குறைவு, ஆபத்தும் குறைவு. ஏற்கெனவே ஓடிக் கொண்டிருக்கும் ஸ்டிக்கின் லேபிளைப் போட்டோ எடுத்துக் கொண்டு போய் அதே போல் ஒன்று வாங்கினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே அளவு இருப்பதால் டூயல் சேனலில் ஓடும், அதாவது இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் டேட்டா தரும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்தில் இது தெரிகிற மாதிரி உதவும், பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸும் இதே ரேமில்தான் பங்கு கேட்கிறது.

பிராண்டு ஒன்றாக இருந்தே ஆக வேண்டுமா? வேண்டியதில்லை. இருந்தால் நிம்மதி. 1333உம் 1600உம் கலந்தால் இரண்டும் 1333இல் ஓடும். வோல்டேஜ் மட்டும் பாருங்கள்: டிடிஆர்3க்கு 1.5 வோல்ட், டிடிஆர்3எல் என்பது 1.35, ஆனால் அது 1.5இலும் ஓடும்படி செய்தது என்பதால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. கேமிங் ரேம் என்று ஹீட் ஸ்ப்ரெடர் மாட்டி 1.65 வோல்ட் என்று எழுதியிருப்பதை மட்டும் தவிருங்கள்.

இதில் மறைந்திருக்கும் செலவு பிற்பாடு வரும். இரண்டு ஸ்லாட்டும் நிரம்பிவிட்டது. நாளை 8 போதவில்லை என்றால் இன்று வாங்கிய 4 ஜிபி வீண். டேலி, டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், யூடியூப் என்ற அளவில் நிற்பவர்களுக்கு அந்த நாளை வரப் போவதில்லை. அவர்கள் இதோடு நிறுத்திக் கொள்ளலாம்.

## வழி 2: பழையதைக் கழற்றிவிட்டு, புது 8 + 8

கேட்க அழகாக இருக்கும். ஒரே பிராண்டு, ஒரே பில், நீண்ட வாரண்டி, 16 ஜிபி. எனக்கு இதில் இரண்டு மனத்தாங்கல்.

ஒன்று, பதிமூன்று பதினான்கு வருடம் ஓடிய போர்டில் புதுப் பணத்தைப் போடுவது. டிடிஆர்3 ரேமை அடுத்த சிஸ்டத்துக்கு எடுத்துப் போக முடியாது. போர்டில் ஒரு கெப்பாசிட்டர் உப்பினால் ரேமும் சும்மா கிடக்க வேண்டியதுதான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளதைப் பொதுவாக ஏற்பதில்லை. அதாவது இந்தச் சிஸ்டத்தை நெட்டில் போட்டு ஓட்டுவதற்கு லினக்ஸ் மின்ட் போல ஏதாவது ஒன்றுக்குப் போக வேண்டும், அதற்கு 4 ஜிபி, 8 ஜிபியே தாராளம்.

இரண்டாவது, "புதுசு" என்ற சொல். புது டிடிஆர்3 என்று கடையில் தொங்குவதில் கேள்விப்படாத பெயர்கள் நிறைய. பழைய ஸ்டிக்கிலிருந்து பிரித்த சிப்பைப் புதுப் பலகையில் ஒட்டி, பளபளவென்று ஸ்டிக்கர் போட்டு வருவதும் உண்டு. கேள்விப்பட்ட பிராண்டு, ஒழுங்கான பில், வாரண்டி மூன்றும் சேர்ந்து வந்தால் மட்டும் புதுசு வாங்குங்கள். இல்லை என்றால் புதுசு என்பதற்காகக் கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை.

யாருக்கு இது சரி? அலுவலகக் கணக்கில் பில் காட்ட வேண்டியவர்களுக்கு. ஃபோட்டோஷாப்பில் பெரிய ஃபிளெக்ஸ் பேனர் திறப்பவர்கள், ஐ5, ஐ7 போட்டு போர்டும் நல்ல நிலையில் இருந்தால் யோசிக்கலாம்.

## வழி 3: செகண்ட் ஹேண்ட், ஆனால் கம்பெனி சிஸ்டத்தில் இருந்து கழற்றியது

என் ஓட்டு இதற்குத்தான். ஐடி கம்பெனிகளும் அலுவலகங்களும் மொத்தமாகக் கழித்துவிடும் டெஸ்க்டாப்புகளில் இருந்து எடுத்த ரேம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் தட்டுத் தட்டாகக் கிடைக்கும். வெள்ளை லேபிள், சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் என்று சிப் செய்தவர்களின் பெயரிலேயே வரும், அலங்காரம் எதுவும் இருக்காது. ரேமில் சுழல்வதோ தேய்வதோ எதுவும் இல்லை. ஐந்தாறு வருடம் ஏசி அறையில் ஓடிய நல்ல ஸ்டிக், பெயர் தெரியாத "புதுசை" விட நம்பகமானது என்பது என் அனுபவம்.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்: 8 ஜிபி, 2ஆர்எக்ஸ்8, கடைசியில் "யு". பதினாறு சிப் இருக்கிறதா என்று எண்ணுங்கள். தங்க நிறக் கால்களில் கருகல், கீறல் இருந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். கடைக்காரர் எதிரிலேயே போட்டுக் காட்டுவார், ஆனால் அவருடைய டெஸ்டிங் போர்டில் ஓடுவது உங்கள் போர்டில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. முடிந்தால் கேபினட்டையே தூக்கிக் கொண்டு போங்கள். முடியாவிட்டால் "ஒரு வாரம் செக்கிங் வாரண்டி" என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் பில்லில் தேதியோடு எழுதி வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே சோதித்துவிட வேண்டும். மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து சிஸ்டத்தை பூட் செய்து, இரவு ஓடவிட்டுப் படுத்தால் காலையில் பதில் இருக்கும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுங்கள், "ஒண்ணுதானே" என்று விடாதீர்கள். அந்த ஒன்றுதான் மூன்று மாதம் கழித்து, நாளைக் காலை டெலிவரி கொடுக்க வேண்டிய பத்திரிகை ஃபைலைக் கெடுக்கும்.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால் அலைச்சல், ஒரு இரவு, ஒரு வாரத்துக்குப் பிறகு கேட்பார் இல்லாமை. வெளியூரில் இருப்பவர்களுக்கு பஸ் டிக்கெட்டையும் சேர்த்தால் வழி 1ஐ உள்ளூர்க் கடையில் முடிப்பதே லாபமாக இருக்கலாம்.

ஒற்றை 8 ஜிபி வாங்கிப் பழைய 4 ஜிபியோடு போடலாமா என்று கேட்பார்கள். போடலாம். இன்டெல் போர்டுகளில் ஃப்ளெக்ஸ் மோட் என்று ஒன்று உண்டு: 8 + 4 போட்டால் இரண்டிலும் சமமாக உள்ள 8 ஜிபி (நாலும் நாலும்) டூயல் சேனலில் ஓடும், மிச்ச 4 ஜிபி சிங்கிளில் ஓடும். ஜோடியாக இல்லாவிட்டால் ஓடவே ஓடாது என்று சொல்லி இரண்டாவது ஸ்டிக்கைத் தலையில் கட்டுபவரிடம் இதைச் சொல்லுங்கள்.

## வழி 4: ஆன்லைனில் பாதி விலை ரேம்

மச்சான் விழுந்த குழி. 8 ஜிபி டிடிஆர்3, 1600 வேகம், மற்றவர்கள் விலையில் பாதி. வந்ததும் போட்டார், ஃபேன் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. பழைய ஸ்டிக்கைப் போட்டால் உயிர் வந்தது. விவரப் பக்கத்தின் அடியில், யாரும் படிக்காத இடத்தில், "ஏஎம்டி மதர்போர்டுக்கு மட்டும்" என்று இருந்திருக்கிறது.

இது என்ன சமாச்சாரம்? ஏஎம்டி, இன்டெல்லைப் போல பிராசசர் செய்யும் இன்னொரு கம்பெனி. சாதாரண டெஸ்க்டாப் ரேமில் ஒவ்வொரு சிப்பும் 8 பிட் அகலம், லேபிளில் வரும் "எக்ஸ்8" அதுதான். சர்வர் ரேமுக்கான 4 பிட் அகலச் சிப்புகளை எடுத்துப் பதினாறாக அடுக்கி டெஸ்க்டாப் ஸ்டிக் போலச் செய்துவிடுகிறார்கள். ஏஎம்டி பிராசசர்களின் மெமரி கன்ட்ரோலர் அதை ஏற்றுக் கொள்கிறது, இன்டெல்லின் டெஸ்க்டாப் பிராசசர்கள் ஏற்பதில்லை. சிப்பை எண்ணினாலும் பதினாறுதான் இருக்கும், எண்ணிக்கை உங்களைக் காப்பாற்றாது. ஏஎம்டி போர்டு வைத்திருப்பவருக்கு இது உண்மையிலேயே மலிவான வழி.

இன்னொரு வகை, சர்வரில் இருந்து கழற்றிய "ஆர்" ரேம். 16 ஜிபி அடிமாட்டு விலைக்கு வரும். அதே 240 பின், வெட்டும் அதே இடத்தில், ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஆனால் பூட் ஆகாது. பழைய ஜியான் (இன்டெல்லின் சர்வர் வகை) பிராசசர் போட்ட எக்ஸ்79 போர்டு வைத்திருப்பவர்கள் வாங்கலாம், எச்61காரர்கள் அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு? திருப்பி அனுப்பும் கூரியர், "பொருள் சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் போர்டுதான் பொருந்தவில்லை" என்ற பதில், அதற்கப்புறம் மௌனம்.

## வழி 5: ரேமை விட்டுவிட்டு எஸ்எஸ்டி

வழக்கமான வேலையைச் செய்து கொண்டே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். மெமரி 60, 70 சதவீதத்தில் இருக்க, டிஸ்க் 100இல் ஒட்டிக் கொண்டு நின்றால் உங்களுக்கு வேண்டியது ரேம் இல்லை. மெமரி 90ஐத் தாண்டி, அதோடு டிஸ்க்கும் 100 என்றால் ரேம் போதாமல் விண்டோஸ் ஹார்டு டிஸ்கை ரேமாகப் பயன்படுத்தித் திணறுகிறது, அப்போது முதலில் ரேம்.

எச்61 போர்டில் சாட்டா 2 (டிஸ்க் மாட்டும் இணைப்பில் பழைய, மெதுவான வகை) மட்டும்தான், அதனால் எஸ்எஸ்டி பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் பாதிதான் வரும். அப்படியும் ஹார்டு டிஸ்கோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இன்னொரு வசதி, நாளை புது சிஸ்டம் வாங்கினால் எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டலாம். டிடிஆர்3க்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

## ஒரே பார்வையில்

| வழி | பொருந்துமா | மறைந்த செலவு | எப்போது சரி |
|---|---|---|---|
| 4 + 4 | பெரும்பாலும் பொருந்தும் | ஸ்லாட் நிரம்பிவிடும் | டைப்பிங், டேலி, பிரவுசர் |
| புது 8 + 8 | பிராண்டு, பில் இருந்தால் | போர்டு போனால் ரேமும் வீண் | கனமான டிசைன் வேலை, பில் தேவை |
| செகண்ட் ஹேண்ட் 8 | லேபிள் படித்தால் பொருந்தும் | அலைச்சல், ஓர் இரவு சோதனை | கடை அருகில், செக்கிங் வாரண்டியோடு |
| ஆன்லைன் பாதி விலை | இன்டெல்லில் பெரும்பாலும் இல்லை | கூரியர், மன உளைச்சல் | ஏஎம்டி போர்டு இருந்தால் |
| எஸ்எஸ்டி | பொருந்தும் | மறுபடி இன்ஸ்டால் அல்லது குளோனிங் (பழைய டிஸ்கை அப்படியே நகலெடுப்பது) | டிஸ்க் 100, மெமரியில் இடம் உண்டு |

எச்61ஐ விடவும் பழைய ஜி41 போர்டு, கோர் 2 டுவோ பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் உச்சவரம்பு 8 ஜிபி, அது 2 ஜிகாபிட் சிப் வரைதான் ஏற்கும். அதாவது 4 ஜிபி ஸ்டிக்கிலேயே பதினாறு சிப் இருக்க வேண்டும். இன்று கிடைக்கும் 4 ஜிபி ஸ்டிக் நிறைய எட்டு சிப்தான், தேடித்தான் எடுக்க வேண்டும். டிடிஆர்2 போட்ட ஜி31 என்றால் 4 ஜிபியோடு கதை முடிந்தது, அதில் காசு போடாதீர்கள்.

## மாட்டும்போது

பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிடுங்கள். டிஸ்ப்ளே வரவில்லை என்றால் உடனே ஸ்டிக்கைக் குறை சொல்லாதீர்கள். கால்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துடைத்து, ஒவ்வொரு ஸ்டிக்கையும் தனியாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஒரு ஸ்லாட் மட்டும் எடுக்கவில்லை என்றால் குற்றம் ஸ்லாட்டிலோ, பிராசசர் சாக்கெட்டில் வளைந்த பின்னிலோ இருக்கலாம். அப்படியானால் 4 + 4 என்ற வழியே உங்களுக்கு இல்லை, ஒற்றை 8 ஜிபிதான்.

சரி, மச்சான் சிஸ்டம் என்ன ஆனது? ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒற்றை 8 ஜிபி, 2ஆர்எக்ஸ்8, செக்கிங் வாரண்டியோடு வாங்கிக் கொண்டு போனேன். முதல் முயற்சியிலேயே டிஸ்ப்ளே வந்தது, மெம்டெஸ்ட்டும் சுத்தம். பெருமையாக விண்டோஸைத் திறந்து காட்டினால், 12 ஜிபி இருக்கிறது, பயன்படுத்தக் கூடியது 3.4 ஜிபி என்றது. விண்டோஸ் 7இலிருந்து இலவசமாக 10க்கு மாறியபோது 32 பிட்டாகவே மாறியிருக்கிறது, நான் அதைப் பார்க்கவில்லை. "இதுக்குத்தான் சென்னைல இருந்து வந்தியா" என்று மச்சான் சிரித்தார்.

லைசென்ஸ் 64 பிட்டுக்கும் செல்லும், ஆனால் புதிதாக இன்ஸ்டால் செய்தாக வேண்டும். பழைய ஸ்கேனருக்கு 64 பிட் டிரைவர் கிடையாது. கடைசியில் பழைய ஹார்டு டிஸ்கை 32 பிட் விண்டோஸோடு அப்படியே விட்டு, நெட் கனெக்‌ஷனைப் பிடுங்கி, பேஜ்மேக்கருக்கும் ஸ்கேனருக்கும் ஒதுக்கினோம். ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு அதில் 64 பிட் லினக்ஸ் மின்ட் ஏற்றி, பிரவுசர் வேலையை அந்தப் பக்கம் மாற்றினோம். 12 ஜிபியும் அங்கே முழுதாகத் தெரிகிறது, நாலு என்ன, நாற்பது டேப் திறக்கிறார்.

அந்த ஏஎம்டி ஸ்டிக் இன்னும் அவர் மேசை டிராயரில் கிடக்கிறது. யாராவது ஏஎம்டி போர்டோடு வந்தால் வாங்கிய விலைக்கே தருவாராம்.